டிக்கெட் தேதியா, குழந்தையின் வயதா: கோத்தகிரியில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஷார்ஜாவில் பிறந்த ஒரு கைக்குழந்தை இங்கிலாந்துக்குப் போகும் முன் கோத்தகிரிப் பக்கத்து ஊர் ஒன்றில் ஆறு மாதத்துக்கும் சற்று அதிகமாக வளர்ந்தது. அந்த மாதங்களின் பதிவு இது. நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நீலகிரியில் நர்சிங் முடித்து வளைகுடாவுக்கும், அங்கிருந்து இங்கிலாந்துக்கும் போகும் பெண்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அந்த இரண்டாவது பயணம் வரும் வயதில்தான் பிரசவமும் வருகிறது. வேலையில் சேரும் தேதியை முதலில் குறித்துவிட்டு, குழந்தையை அதற்குள் எப்படியாவது பொருத்தப் பார்க்கிறார்கள். இந்தக் குடும்பமும் அப்படித்தான் தொடங்கியது.

பின்னணி: ஷார்ஜாவில் முதல் மூன்று மாதம்

தாய் ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸ். தகப்பனுக்குக் கிடங்கு ஒன்றில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். மூன்று குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட ஃபிளாட்டில் ஓர் அறை இவர்களுடையது. குழந்தை ஜூலையில், வெயில் உச்சத்தில் பிறந்தது. ஏசி ஓடும் அந்த ஓர் அறைதான் அதற்கு உலகம்.

ஐக்கிய அரபு அமீரகத்தின் தனியார் துறைச் சட்டப்படி பிரசவ விடுப்பு 60 நாள். முதல் 45 நாளுக்கு முழுச் சம்பளம், மீதி 15 நாளுக்குப் பாதி. அதற்குப் பிறகு, பிரசவமான நாளிலிருந்து ஆறு மாதம் வரை, பால் கொடுக்க வேலை நேரத்தில் தினமும் ஒரு மணி நேரம் தர வேண்டும். சட்டம் இருந்தது. ஆனால் கிளினிக்குக்கும் அறைக்கும் இடையே பஸ் பயணமே முக்கால் மணி நேரம். பக்கத்து அறையில் இருந்த கேரளத்து அம்மா பணம் வாங்கிக்கொண்டு குழந்தையைப் பார்த்துக்கொண்டார். நல்லவர்தான், ஆனால் அவருக்கும் இரண்டு பிள்ளைகள்.

அங்கே பிறக்கும் குழந்தைக்கு 120 நாளுக்குள் பாஸ்போர்ட்டும் குடியிருப்பு விசாவும் எடுத்தாக வேண்டும். இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பை ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ பதிய வேண்டும். பதிவையும் பாஸ்போர்ட்டையும் தகப்பன் ஒழுங்காக முடித்திருந்தார். தாய் வேலையை விட்டு, தன் விசாவை ரத்து செய்து, மூன்று மாதக் குழந்தையோடு அக்டோபரில் கோயம்புத்தூரில் இறங்கினார்.

அதற்குள் இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. சேர வேண்டிய மாதம் ஜனவரி, அதாவது குழந்தைக்கு ஆறு மாதம் முடியும் நேரம். முதல் சில வாரம் அவர்கள் தரும் தங்குமிடம் ஒருவருக்கு மட்டும். அதனால் குடும்பம் போட்டிருந்த திட்டம் இது: தாய் தனியாகப் போவார், தகப்பன் ஷார்ஜாவிலேயே இருப்பார், குழந்தை ஒரு வருடம் கோத்தகிரியில் பாட்டியிடம் வளரும்.

அக்டோபர், நவம்பர்: பார்த்தவை

தடுப்பூசி அட்டையைப் புரிந்துகொள்ளத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பிறந்தபோது போட்ட பி.சி.ஜி.யும் ஹெபடைடிஸ் பி.யும், இரண்டு மாதத்தில் போட்ட ஊசியும் அதில் இருந்தன. அங்கே 2, 4, 6 மாதக் கணக்கு. நம்முடையது 6, 10, 14 வாரக் கணக்கு. மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டுமோ என்று வீட்டில் பயம். தேவையில்லை. போட்ட தவணை போட்டதுதான். அடுத்ததற்கு நான்கு வார இடைவெளி இருந்தால் போதும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அட்டையைப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரச் சொன்னார். புதன்கிழமை ஊசி நாளில் அடுத்தடுத்த தவணைகள் சுலபமாக முடிந்தன.

வீடு கவலை தந்தது. குழந்தை ஷார்ஜா வெக்கையிலிருந்து 1,800 மீட்டர் உயரத்துக்கு, அதுவும் வடகிழக்குப் பருவமழைக்குள் வந்திருந்தது. பாட்டி, தமிழ்நாடு அரசின் தேயிலைக் கழகமான டேன்டீயின் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது, முழங்கால் வலியும் சேர்ந்திருக்கிறது. ரோட்டிலிருந்து வீட்டுக்கு அறுபது எழுபது படி இறங்க வேண்டும். ஈரம் காயாத சுவர். ராத்திரி குளிர் தாங்காது என்று ஜன்னலை அடைத்து, இரும்புச் சட்டியில் கரி போட்டு, குழந்தை தூங்கும் அறையிலேயே வைத்திருந்தார்கள்.

அந்தச் சட்டியை அன்றே வெளியே எடுக்கச் சொன்னேன். மூடிய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மலையில் குளிருக்கு இப்படிக் கரி மூட்டித் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள். கைக்குழந்தை பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறது, அதனால் அதற்கு ஆபத்து முந்தி வரும். அதற்குப் பதிலாக, படுக்கையை வெந்நீர்ப் பையால் சூடாக்கி, குழந்தையைப் படுக்க வைக்கும் முன் பையை எடுத்துவிட வேண்டும். ஒரே கனத்த கம்பளிக்குப் பதில் மெல்லிய உடை இரண்டு மூன்று அடுக்கு. தூங்கும்போது தலையில் குல்லா வேண்டாம்.

அலமாரியில் இன்னும் இரண்டு பொருள் இருந்தன. ஒன்று யூகலிப்டஸ் தைலம். நீலகிரியில் தைலம் இல்லாத வீடு கிடையாது. சளிக்கு அதை நெஞ்சில் தேய்ப்பதும் துணியில் சொட்டுவிட்டு மூக்கருகே வைப்பதும் இங்கே வழக்கம். கைக்குழந்தைக்கு அது மூச்சுக்குழலை இறுக்கலாம், வயிற்றுக்குள் சிறிதளவு போனாலும் வலிப்பு வரலாம். இன்னொன்று மலைத்தேன், உறவுக்காரர் ஆசையாகக் கொண்டுவந்தது. ஒரு வயது முடியும்வரை தேன் நாக்கில் படக்கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கும். இரண்டையும் பாட்டி மறுபேச்சில்லாமல் ஒதுக்கினார். கல்லில் உரசிக் கொடுக்கும் நாட்டு மருந்தான உரை மருந்தை விடத்தான் அவருக்கு மனசே வரவில்லை. அதை நிறுத்த எனக்குப் பல நாள் பிடித்தது.

குழந்தையின் எடை நன்றாகவே ஏறிக்கொண்டிருந்தது. பிரச்சினை பால். ஜனவரிக்குள் தாய்ப்பாலை மறக்கடிக்க வேண்டும் என்று பாட்டிலைப் பழக்கத் தொடங்கியிருந்தார்கள். குழந்தை பாட்டிலைத் தள்ளியது, அழுது களைத்தது, ராத்திரி முழுக்க மார்பைத் தேடியது. தாய்க்கும் பால் கட்டி ஒரு முறை காய்ச்சல். "பழகிடுமில்ல சிஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டே அழுவார். அவரே நர்ஸ், எல்லாம் தெரிந்தவர். தன் குழந்தை என்று வரும்போது தெரிந்தது துணைக்கு வருவதில்லை.

பாட்டி சொன்னது

குழந்தையை நீங்கள் வைத்துக்கொள்வீர்களா என்று மகள், மருமகன் முன்னால் கேட்டால் பாட்டியின் பதில் ஒன்றுதான்: "நான் பாத்துக்கிறேன்." தனியாக இருந்தபோது வேறு பேச்சு வந்தது.

அவர் இலங்கை மலையகத்தில் பிறந்தவர். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 தோட்டத் தமிழர்களை இந்தியா ஏற்பதாக முடிவானது. அதில் ஒரு குடும்பம் இவர்களுடையது. எழுபதுகளில், சிறுமியாக, தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, டேன்டீ தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார். அப்படி வந்தவர்களுக்காகவே தொடங்கிய தோட்டம் அது. விண்ணப்பம் போட்ட பிறகு பிறந்த தங்கையின் பெயர் காகிதத்தில் சேரவில்லை. பதுளையில் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு வந்தார்கள்.

"எங்கம்மா அடுத்த கப்பல்ல கூட்டிக்கலாம்னுதான் நர்சம்மா விட்டுட்டு வந்துச்சு" என்றார்.

1984இல் போர் காரணமாக அந்தக் கப்பல் போக்குவரத்தே நின்றுபோனது. தங்கை பதுளையிலேயே வளர்ந்து, அங்கேயே கல்யாணமாகி, இப்போது போனில் பேசுகிறார்.

இதை நான் தாயிடம் ஒரு வாதமாக எடுத்து வைக்கவில்லை. காலம் வேறு, காரணம் வேறு. வீடியோ அழைப்பும் விமானமும் இருக்கிற நாள் இது. ஆனால் பாட்டியின் சம்மதம் பாதிச் சம்மதம் என்பதும், குழந்தையை வைத்துக்கொள்வதில் அவருக்கு முழங்கால் வலியைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது என்பதும் அன்று தெரிந்தது. பேசச் சொல்லிப் பாட்டியைத்தான் கேட்டுக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து அவரே மகளிடம் சொன்னார்.

நவம்பர் கடைசி: எடுத்த முடிவு

ஒரு வெள்ளைத்தாளில், இடப்பக்கம் குழந்தையின் வயதை மாதவாரியாக எழுதினோம். வலப்பக்கம் அந்தந்த மாதத்தில் குழந்தைக்கு நடக்க வேண்டியவை. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். ஆறு முடிந்ததும் இணை உணவு. ஒன்பது முடிந்ததும் தட்டம்மை, ரூபெல்லா ஊசி. ஒரு வயதில் இங்கிலாந்தின் முதல் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்த ஊசி). அதன் பிறகுதான் வேலை, விசா, டிக்கெட் தேதிகளைப் பக்கத்தில் எழுதினோம். ஜனவரி என்பது எவ்வளவு மோசமான மாதம் என்று தாளே காட்டியது. தாய்ப்பாலிலிருந்து உணவுக்கு மாறும் வாரத்தில், தட்டம்மை ஊசி போடும் முன், மலையின் உறைபனிக் காலத்தில் தாய் போய்விடுவார்.

அப்படியானால் குழந்தையோடு சேர்ந்தே ஏன் போகக்கூடாது? தகப்பன் சொன்ன பதில் என்னைத் திகைக்க வைத்தது: "குழந்தைக்கு விசா கிடைக்காதுன்னு ஏஜென்ட் சொல்லிட்டாரு." 2024 மார்ச் 11 முதல் இங்கிலாந்தில் பராமரிப்புப் பணியாளர்கள், மூத்த பராமரிப்புப் பணியாளர்கள் ஆகியோர் குடும்பத்தை அழைத்துவர முடியாது. உண்மை. ஆனால் அந்தத் தடை நர்ஸ்களுக்கு இல்லை. ஏஜென்ட் இரண்டையும் ஒன்றாக நினைத்திருந்தார். குழந்தையைப் பாட்டியிடம் விடும் திட்டம் முழுக்க அந்த ஒரு தவறான வாக்கியத்தின் மேல்தான் நின்றிருந்தது. இங்கிலாந்து அரசின் இணையதளத்தில் அந்த விதியை அவர்களே படித்துப் பார்த்தார்கள்.

சேரும் தேதியைத் தள்ளிக் கேட்பது என்று முடிவானது. ஏஜென்டுக்குப் பிடிக்கவில்லை; தேதி மாற்றினால் வேலையே போய்விடும் என்றார். தாய் மருத்துவமனைக்கே நேரடியாக எழுதினார். குழந்தையின் வயது, தாய்ப்பால், ஏப்ரல் கடைசியில் குடும்பத்தோடு வர விருப்பம், அவ்வளவுதான் கடிதத்தில். கெஞ்சல் இல்லை, நீண்ட காரணம் இல்லை. பத்து நாள் பதிலில்லாமல் எல்லோரும் தவித்தார்கள். அப்புறம், அடுத்த குழுவோடு சேரலாம் என்று பதில் வந்தது.

இதற்கு விலை இருந்தது. மூன்றரை மாதச் சம்பளம் போயிற்று, தாயின் நகை அடகுக்குப் போனது. தகப்பன் ஷார்ஜா வேலையை விட வேண்டிவந்தது. இங்கிலாந்து போய்க் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போவது அவர்தான். தன் சொந்தக்காரர்களிடம் அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சொன்னார். அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

டிசம்பர் முதல் மார்ச் வரை

பாட்டிலை நிறுத்தியதும் வீடு அமைதியானது. டிசம்பரில் குழந்தைக்கு ஒரு சளி, தாய்ப்பாலிலேயே தேறியது. ஜனவரி நடுவில் ஆறு மாதம் முடிந்து கேழ்வரகுக் கூழ், பருப்புச் சாதம், மசித்த கேரட், நேந்திரம்பழம் என்று தொடங்கினோம். அதோடு, இங்கிலாந்தில் எந்தக் கடையிலும் கிடைக்கும் ஓட்ஸையும் உருளைக்கிழங்கையும் இங்கேயே பழக்கினோம். ஊர் மாறும் வாரத்தில் சாப்பாடும் புதிதாக இருக்கக்கூடாது என்பதுதான் காரணம். பிப்ரவரி கடைசியில் தகப்பன் வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. முதல் வாரம் குழந்தை அவரிடம் போகவே இல்லை.

விசா விண்ணப்பத்தில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் வசிப்பவர் ஆறு மாதத்துக்கு மேல் தங்க இங்கிலாந்து போனால் காசநோய்ச் சான்று வேண்டும். ஆனால் அந்தச் சோதனை கேட்காத நாட்டில் குறைந்தது ஆறு மாதம் வாழ்ந்து, அங்கிருந்து வந்து ஆறு மாதம் தாண்டாதவருக்கு வேண்டியதில்லை. தாய் அக்டோபரில் வந்தவர், மார்ச்சில் விண்ணப்பித்ததால் தேவைப்படவில்லை. ஏப்ரல் பாதிவரை இழுத்திருந்தால் தேவைப்பட்டிருக்கும்.

இரண்டாவது, போலீஸ் நற்சான்று. மருத்துவத் துறையில் வேலைக்குப் போகிறவர் கடந்த பத்து வருடத்தில் 12 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த நாடுகளிலிருந்து சான்று தர வேண்டும். ஷார்ஜாவில் இருந்தபோதே வாங்கியிருக்கலாம். வெளியிலிருந்து வாங்கியதில் வாரக்கணக்கில் இழுத்தது. தகப்பன் அங்கே இருந்ததால்தான் நேரத்துக்குக் கையில் கிடைத்தது. கூட வருகிறவர்களுக்கான பணம், துணைக்கு 285 பவுண்டும் முதல் குழந்தைக்கு 315 பவுண்டும், 28 நாள் வங்கியில் அசையாமல் இருக்க வேண்டும். அடகு நகைப் பணத்தில் ஒரு பகுதி அதற்குத்தான்.

விசா மையத்துக்காகச் சென்னைக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் போய்வந்தார்கள். ஐந்து வயதுக்குக் கீழே கைரேகை கிடையாது, புகைப்படம் மட்டும். மூன்று விசாவும் வந்தன.

ஏப்ரல்: ஊசியும் பயணமும்

ஒன்பது மாதம் முடிந்த பிறகு வந்த முதல் புதன்கிழமையே தட்டம்மை, ரூபெல்லா ஊசி. ஒரு வயதுக்கு முன் போட்டதை இங்கிலாந்தில் கணக்கில் எடுக்க மாட்டார்கள், அப்போது அங்கே ஒரு வயதில் எம்.எம்.ஆர். மறுபடி போட்டுவந்தார்கள். அப்படியானால் இங்கே எதற்கு என்று தகப்பன் கேட்டார். விமான நிலையக் கூட்டத்திலும் புது ஊரிலும் அந்த இடைப்பட்ட மாதங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும், அதற்காக.

காது வலியைப் பற்றித் தாய்க்கு இருந்த பயத்தை மலைப்பாதையே தீர்த்துவைத்தது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 33 கிலோமீட்டருக்குள் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் இறங்குகிறோம். சென்னைப் பயணத்தின்போது, காது அடைக்கத் தொடங்கும் வளைவுகளில் வண்டியை ஓரம் கட்டிப் பால் கொடுத்துப் பார்த்தார். விழுங்கும்போது காதின் அழுத்தம் சரியாகிறது. விமானம் இறங்கும்போதும் அதே முறை. தரையிறங்க அரை மணி நேரம் இருக்கையில் எழுப்பிப் பால் கொடுத்தார், குழந்தை அழவில்லை.

அதன் பிறகு

இங்கிலாந்தில் முதல் மூன்று வாரம் தூக்கம் குலைந்தது. இங்கே நாலரை மணி நேரம் முன்னால் ஓடும் கடிகாரத்தில் பழகிய பிள்ளை, விடிய வெகு நேரம் இருக்கும்போதே எழுந்து விளையாடக் கூப்பிட்டது. தாய்க்கு வேலையில் சேர்ந்த 12 வாரத்துக்குள் செய்முறைத் தேர்வு. முதல் முயற்சியில் ஒரு பகுதி போயிற்று, மறுமுறை தேறினார். பகலில் குழந்தை தகப்பனிடம் இருந்ததால்தான் படிக்க முடிந்தது என்கிறார். ஊசி விவரங்கள் அங்குள்ள குழந்தை நலப் புத்தகத்தில் ஏறிவிட்டன. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அங்கே தினமும் வைட்டமின் டி சொட்டு தரச் சொன்னார்கள். ஒரு வயதில் எம்.எம்.ஆர். போட்டாயிற்று.

எல்லாம் சரியாகிவிடவில்லை. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அரசு தரும் இலவசக் காப்பக நேரம் இவர்களின் விசா நிபந்தனையில் கிடைக்காது. காப்பகக் கட்டணத்தைக் கட்டினால் தகப்பனின் சம்பளம் முழுக்க அதற்கே போகும். அதனால் அவர் வாரக் கடைசியில் மட்டும் வேலை பார்க்கிறார். நகை இன்னும் மீட்கப்படவில்லை. பாட்டிக்கு அங்கே போய்வர ஆசை. இலங்கையில் பிறந்தவர் என்பதால் அவருடைய பாஸ்போர்ட்டுக்குப் பழைய குடும்ப அட்டையையும் குடியுரிமைக் காகிதங்களையும் தேடி எடுக்கும் வேலை நடக்கிறது.

எதை மாற்றுவேன்

இதே நிலையில் இன்னொரு குடும்பம் வந்தால், வளைகுடாவில் விசாவை ரத்து செய்யும் முன்பே பேசச் சொல்வேன். போலீஸ் நற்சான்று, அந்நாட்டு வெளியுறவு அமைச்சகச் சான்றொப்பம் பெற்ற பிறப்புச் சான்றிதழ், ஊசிப் பட்டியலின் ஆங்கில நகல் ஆகிய மூன்றையும் அந்த மண்ணை விட்டுக் கிளம்பும் முன் கையில் வாங்கிவிட வேண்டும். ஏஜென்ட் சொல்லும் விசா விதியை, எந்த வேலைக்கான விதி என்று கேட்டு, அரசின் பக்கத்தில் தேடிப் படித்த பிறகே குழந்தையை எங்கே விடுவது என்ற பேச்சைத் தொடங்க வேண்டும். தேதி தள்ளிக் கேட்கும் கடிதத்தை வேலை கிடைத்த வாரமே எழுதியிருந்தால் பாட்டில் போராட்டமே வந்திருக்காது. மருத்துவமனைக்கும் ஆள் மாற்ற நேரம் இருந்திருக்கும்.

இன்னொன்று, பாட்டியைத் தனியாகப் பார்ப்பது. நம் வீடுகளில் மருமகன் முன்னால் கேட்டால் எந்தத் தாயும் முடியாது என்று சொல்ல மாட்டார். இனி முதல் நாளே, அடுப்படியில் உட்கார்ந்து, அவருடைய மாத்திரைச் சீட்டையும் பார்த்து, ராத்திரி எத்தனை முறை எழ முடியும், காய்ச்சல் வந்தால் படியேறி ரோட்டுக்கு யார் தூக்கிப் போவார்கள், எத்தனை மாதம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்கப் போகிறேன்.